மனைபுகும் எறும்பும் மனையறத்தார் கடனும்

உயிர்கள் எண்ணிறந்தன. அவை தத்தம் வினைக்கீடாகத் தனு கரண புவன போகங்களைப் பெற்றுப் பிறந்திறந்து உழல்வன. அவற்றை அவ்வுயிர்கட்குக் கூட்டுவிப்போன் முதல்வனே என்பது சைவசித்தாந்தத் துணிபு. இத்துணிபை உடன்படும் ஒருவன், யானையுடம்பில் நிற்கும் உயிரும் எறும்புடம்பில் நிற்கும் உயிரும் உயிரென்னும் அளவில் ஒரு நிகரனவே என்பதையும் உடன்பட்டவனாகின்றான். நூல்வாயிலாக உடன்பட்ட இவ்வுண்மை, அடுக்களையிற் சருக்கரைக் கலத்தை எறும்பு மொய்த்தவிடத்தும் அவனுள்ளத்தில் நிலைபெறுகின்றதோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஆவும் கன்றும் நாயும் பூனையும் வளரும் ஒரு மனையைக் கருதுக. மழை பெய்து வளைகளில் நீர் புகுந்தவழி, எறும்புகள் தம் முட்டைகளையும் குஞ்சுப் புழுக்களையும் வாயிற் கௌவிக்கொண்டு மேட்டுநிலமாகிய மனைக்குட் புகுகின்றன. நாய்க்கிட்ட சோற்றை மொய்க்கின்றன; அன்று பிறந்து எழமாட்டாது கிடக்கும் கன்றின் ஈரங்காயாத கொப்பூழையும் கண்ணோரத்தையும் கடிக்கின்றன. இல்லறத்தான் மனம் பொறாது, கடையில் விற்கும் நஞ்சை வாங்கி மூலைதோறும் தூவுகின்றான். எறும்புகள் மடிகின்றன. மறுநாட் பூனையும் வாயில் நுரைதள்ளி நடுங்கி வீழ்கின்றது. அதுகண்டு அவன் கலுழ்கின்றான். முதல்நாள் மடிந்த ஆயிரம் உயிர்க்குக் கசியாத கண் இவ்வோருயிர்க்குக் கசிந்தது என்னை?

பூனை தன்னது, எறும்பு தன்னதன்று. இதுவே விடை. தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள். அன்பு முதிர்ந்தே அருளாதல் வேண்டும்; ஆயின், அன்பு தன் எல்லையிலேயே தங்கிவிடின் அது பற்றாய்ச் சுருங்கிப் பிறவுயிர்க்குக் கொடுமையாய் முடிதலும் உண்டு. சேக்கிழார் பெருமான் திருவாரூர்ச் சிறப்பில் மனுவேந்தன் வரலாற்றை வைத்தருளிய கருத்தையும் உன்னுக. தேர்க்காலிற்பட்ட ஆன்கன்றையும் தன் ஒரு மைந்தனையும் அவ்வேந்தன் ஒரு தராசிலேயே வைத்தான். தன்னது பிறிது என்னும் வேற்றுமை நீதியின் முன் நில்லாது என்பதே அவ்வரலாறு உணர்த்தும் பொருள்.

ஈண்டு ஒருசாரார் கூறுவர்: “எவ்வுயிரும் தன் வினை முடிந்தாலன்றி இறவாது. எறும்பின் வினை அன்று முடிந்தது, கொன்றவன் கருவியேயன்றிக் கருத்தாவல்லன்” என்று. இது பொருந்தாது. எறும்பின் இறப்பு அதன் வினைப்பயனே யாயினும், கொல்லத் துணிந்த நினைவும் தூவிய கையும் அவ்வெறும்பின் வினையல்ல; அவை கொன்றவனுடையன. அவையே அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். அன்றியும், அவ்வுடம்பு மலநீக்கத்தின் பொருட்டு முதல்வன் அவ்வுயிர்க்குத் தந்த கருவி. பிறன் கருவியைச் சிதைத்தவன், ‘அது சிதையும் நாள் வந்தது’ என்றல் வழக்காகுமோ?

வேறொருசாரார், “அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் என்னும் ஐந்தும் இல்லறத்தானுக்குக் கொலைக்களங்கள் என்று நூல்களே கூறின. நாள்தோறும் அறியாது பல்லுயிர் மாய்கின்ற மனையில் எறும்பைமட்டும் காத்தலாற் பயனென்?” என்பர். அறியாது நிகழ்வதும் அறிந்து செய்வதும் ஒன்றல்ல. ஐந்தனையும் கூறிய நூல்களே அவற்றிற்குக் கழுவாயாக ஐவகை வேள்வியையும் விதித்து, அவற்றுள் ஒன்றாகப் பிறவுயிர்கட்கு உணவிடுதலாகிய பூதவேள்வியையும் வைத்தன. வைகறையில் அரிசிமாவாற் கோலமிடும் வழக்கம் எறும்புக்கு வாயிற்புறத்தே உணவிடுதலுமாயிற்று. இக்காலத்துப் பலர் கன்மாவால் இடும் கோலத்தில் அழகுண்டு, எறும்புக்கு உணவில்லை.

அற்றேல், எறும்பைக் கொல்லாது விலக்கும் நெறி யாதெனின், அதன் இயல்பை அறிதலே அந்நெறிக்கு வாயில். தொல்காப்பியர் சிதலையும் எறும்பையும் மூவறிவுயிராக வகுத்தார். மூன்றாம் அறிவு மூக்கறிவு. இக்கால இயற்கைநூலாரும் எறும்பு மோப்பத்தால் வாழ்வதென்றே காண்கின்றனர். உணவு கண்ட எறும்பு வளைக்கு மீளும்போது வழிநெடுக நாற்றமுள்ள நுண்பொருளொன்றைப் பூசிச் செல்கின்றது. பின்வருவன அதனைப் பற்றியே நிரையாய் வருகின்றன. வெளிப்போந்து இரைதேடுவன அவ்வினத்துட் சிறு பகுதியே. அவற்றை நசுக்கினும் வளையிலிருந்து வேறு எறும்புகள் வரும். கொலை மிகுமேயன்றி வரவு நில்லாது.

இன்னும் ஒன்று. எறும்பின் வயிற்றில் தன் பசிக்கு ஓர் அறையும், தன் இனத்துக்குக் கொண்டுசெல்ல ஓர் அறையும் உள. எதிர்ப்பட்ட துணைக்கு அது வாயோடு வாய்வைத்து உணவூட்டும். வெங்காரத்தைச் சருக்கரையிற் குழைத்து வைக்கும் சூழ்ச்சி இவ்வியல்பைப் பற்றியதே. உண்ட எறும்பு உடனே மாயாது, அந்நஞ்சை வளைக்குட் கொண்டுபோய்ப் புழுக்களுக்கும் தாய்க்கும் ஊட்டி இனத்தோடு அழிகின்றது. பகிர்ந்துண்ணும் குணத்தையே கொலைக்கருவியாக்கும் இது, அறத்தை நினைப்பார்க்கு எளிதில் உடன்பாடாகாது.

எறும்புக்கென்று வைத்த நஞ்சு எறும்பளவில் நிற்பதுமன்று. இனிப்பை விரும்பி நாய் அதனை நக்கும்; வாந்தியும் கழிச்சலும் உறும். சாக்குக்கட்டியாற் கிழித்த கோட்டின்மேல் நடந்த பூனை, தன் இயல்பின்படி அடியை நக்கித் தூய்மை செய்கையில் அப்பொடியை உண்கின்றது. பெர்மெத்திரின் முதலிய நஞ்சுகளை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. அதனாலேயே நடுக்கமும் வலிப்பும் உண்டாகின்றன. அந்துருண்டை குருதியைக் கெடுக்கும். மண்ணெண்ணெய் தோலையும் நுரையீரலையும் புண்படுத்தும். பூசைக்குரிய கற்பூரமும் நாயோ பூனையோ தின்னின் வலிப்பை விளைக்கும். இலவங்கப்பட்டை, யூக்கலிப்டசு முதலியவற்றின் எண்ணெய்களும் பூனைக்கு ஆகா. இயற்கைப்பொருள் என்னும் ஒன்றுகொண்டே தீங்கற்றதெனத் துணிதல் பிழை. விலங்கு இவற்றுளொன்றை உண்டதென்று ஐயுற்றால், உப்புநீர் புகட்டி வாந்திசெய்விக்க முயலாது, அந்நஞ்சின் உறையோடு கால்நடை மருத்துவரிடம் விரைந்து செல்லுதலே தக்கது.

கொல்லாது விலக்கும் முறைகளோ மிக எளியன. நம் முன்னோர் மனைகளிற் பயின்றன. உண்கலங்களை உறியிற் றூக்குதல், பண்டப்பேழையின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துதல் ஆகிய இரண்டும் எறும்பின் வழியை அறுப்பன. நாய் பூனைகளின் சோற்றுக்கலத்தையும் நீர்பெய்த அகன்ற தட்டின் நடுவே வைக்கலாம். உண்டு மிஞ்சியதை உடனே அகற்றல் வேண்டும். நிரை வந்த வழியைச் சவர்க்காரநீரால் அழுந்தத் துடைப்பின் நாற்றம் நீங்கி எறும்புகள் வழியறியாது மீளும். துடைக்குமுன் உணவை அகற்றிச் சிறிது பொறுத்தால், நிரையிலுள்ளனவும் பெரும்பாலும் தாமே கலைந்துபோம். பின்னர்ச் சுவரின் வெடிப்பைச் சுண்ணச்சாந்தால் அடைத்துவிடுக. தொழுவத்திற் கன்றீன்ற இடத்தை உடனே கழுவி, உலர்ந்த வைக்கோல் பரப்பி, கன்றை உலரத் துடைத்து மேடான இடத்திற் கிடத்துக. இம்முறைகள் யாவும் எறும்பை அழைத்த காரணத்தை நீக்குவன. அழைத்தது மனையோரின் சோம்பல். தண்டம் வந்த எறும்புக்கு என்பது முறையன்று.

இவ்வாறெல்லாம் செய்தும் விலகாத இடையூறு உளதாயின் என்செய்வது? அத்தகையதும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலையைச் சூழ்ந்த ஊர்களில் மஞ்சள் பைத்திய எறும்பு என்னும் இனம் அளவின்றிப் பெருகிற்று. கடியாது புளியநீர் பீச்சும் அவ்வெறும்பு, ஆடுமாடுகளின் கண்களைத் தாக்கிப் பார்வையைக் கெடுத்ததென அவ்வூரார் முறையிட்டனர். கயிற்றாற் கட்டுண்ட விலங்கு ஓடித் தப்பமாட்டாது. கட்டியவனே அதற்குக் காவலன்; அடைக்கலப்பொருளைக் கைவிடுதலும் பாவமே. ஆங்கே விலங்கை வேறிடம் பெயர்த்தல் முதற்கடன். அதுவும் இயலாதவழி, காக்கவேண்டிய அளவிற்கு மட்டும், பிறவுயிரைச் சாராத முறையில், உரிய அலுவலர் காட்டும் வழிநின்று அழித்தல் நேரலாம். நேர்ந்தவழியும் அது வினையன்றென்று சாதித்தல் கூடாது. பெருந்தீங்கை விலக்கச் சிறுதீங்கு ஏற்றேன் என்னும் இரக்கத்தோடு அதனைச் செய்து, கழுவாயும் தேடல் வேண்டும். கன்றின் கண்ணுக்கு நேர்ந்த இடருக்குப் பொருந்திய இவ்விலக்கைச் சருக்கரைக் கலத்திற்கும் நீட்டிக்கொள்வது தன்னைத்தான் ஏமாற்றுதலாம்.

திருச்சிராப்பள்ளிக்கு அணித்தாகிய திருவெறும்பூர் திருநாவுக்கரசு நாயனார் பாடல்பெற்ற திருப்பதி. அங்கே தேவர்கள் எறும்புருக்கொண்டு வழிபட்டனர் என்றும், எண்ணெய்ப்பசையால் திருமேனியில் ஏறமாட்டாது அவை வழுக்கி வீழ்ந்தமை கண்ட பெருமான் புற்றுருவாகி, அவை ஏறுதற்கெளிதாகச் சற்றே சாய்ந்தருளினான் என்றும் தலவரலாறு கூறும். எறும்பின் பொருட்டு இறைவன் சாய்ந்தான். அவனை வழிபடுவோர் அதன்பொருட்டு ஒரு கிண்ணம் நீர் வைத்தலும், ஒரு துணிகொண்டு துடைத்தலும் அரியவாகுமோ? வளர்க்கும் பூனைக்கு ஊறின்றி எறும்பை விலக்க வழிதேடிய ஒருவன், தேடியவாறே எறும்புக்கும் ஊறில்லாத வழியில் வந்துநிற்பான். தன்னதன்மேல் வைத்த அன்பு அவனுக்கு அருளின் வாயிலாய்த் திறக்கும். அவ்வாயில் எல்லார்க்கும் திறக்கச் சிவபெருமான் திருவருள் முன்னிற்பதாக.