நான்காவது ஆளின் கணக்கு

ஹைதராபாத் அப்சல்கஞ்சில், மூசி ஆற்றங்கரையில் நிற்கிறது உஸ்மானியா பொது மருத்துவமனை. 1908 வெள்ளம் பழைய ஆஸ்பத்திரியை அழித்துவிட, ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் எழுப்பியது. 2020 ஜூலை மழையில் வார்டுக்குள் தண்ணீர் புகுந்தபின் அந்த நிஜாம் காலக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டார்கள். கூட்டம் மட்டும் குறையவேயில்லை. விடியற்காலையில் வளாகத்துக்குள் போனால் மரத்தடியிலும் திண்ணையிலும் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைப் பார்க்கலாம். தலைமாட்டில் எக்ஸ்ரே கவர், தண்ணீர் பாட்டில். பலர் தொலைவிலுள்ள ஆதிலாபாத், மகபூப்நகர் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்.

இவர்களுக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது? 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி, இந்தியாவில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தலைக்கு ஆண்டுக்கு 3,169 ரூபாய். நாளுக்கு 9 ரூபாய்கூட இல்லை. இதுவும் சராசரிதான். கேரளத்துக் குழந்தைக்குக் கிடைப்பது பீகார் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. எந்த ஊரில் பிறக்க வேண்டும் என்று எந்தக் குழந்தையும் கேட்டுப் பிறப்பதில்லை.

அப்படியானால் எல்லா ஊருக்கும் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிட்டால் நீதியாகிவிடுமா?

ஆகாது. ஆதிலாபாத் மலைக்கிராமத்திலிருந்து ஒரு கர்ப்பிணியை மருத்துவரிடம் சேர்க்க ஆகும் செலவு வேறு. பஞ்சாகுட்டாவில், நிம்ஸ் மருத்துவமனைக்கு எதிரே குடியிருப்பவருக்கு ஆகும் செலவு வேறு. ஒரே தொகையைக் கொடுத்தால் தூரத்தில் இருப்பவரின் பங்கை வழியே தின்றுவிடும்.

இந்த நகரம் நன்கறிந்த ஜகாத் என்னும் இஸ்லாமியக் கட்டாயக் கொடை முறை இதை யோசித்திருக்கிறது. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் நிலபுலன் இருந்தாலும், வந்த இடத்தில் கையில் காசில்லாமல் நின்றால் அவருக்கும் பங்குண்டு. தலை எண்ணிக்கையோடு தூரமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வள்ளுவரும் மருத்துவத்தை நான்காகப் பகுக்கும்போது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்க்கிறார்.

மரத்தடியில் படுத்திருப்பது அந்த நான்காவது ஆள்தான். 2022 முதல் ஹைதராபாத் அரசு மருத்துவமனைகளில், நோயாளியுடன் வருபவர்களுக்கு 5 ரூபாய்ச் சாப்பாடு தரப்பட்டது. நல்ல காரியம், வயிறாவது கணக்கில் வந்தது. ஆனால் எல்லாமே வந்துவிடவில்லை. நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 100 ரூபாய்க்கு 39 ரூபாயை மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுக்கிறார்கள் என்கிறது அதே தேசியக் கணக்கு. மகனுக்கு ஸ்கேன் எடுக்கக் காத்திருக்கும் தாய் இழந்த இரண்டு நாள் கூலி, அந்த 39 ரூபாயிலும் இல்லை, அரசின் 3,169 ரூபாயிலும் இல்லை.