பன்னிரண்டு ஆண்டுச் செலவு



மாற்கு ஐந்தாம் அதிகாரத்து இரத்தப்போக்குள்ள பெண்ணின் விசுவாசத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவள் செய்த செலவைப் பற்றிப் பேசியதில்லை. பன்னிரண்டு ஆண்டு வைத்தியம், பல மருத்துவர்கள், கையிலிருந்ததெல்லாம் கரைந்தது, நோயோ முற்றியது. நற்செய்தியாளர் இதை மறைக்கவில்லை.

திருவண்ணாமலையில் நெஞ்சுவலி என்றால் நம்மில் பலர் வேலூருக்கு வண்டி பிடிக்கிறோம். ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய பிறகும் சிலருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 'பம்பிங் கம்மி' என்கிறார்கள். மாரடைப்பில் செத்த தசை தழும்பாகிவிடும், திரும்ப வளராது. அந்தச் சோர்வான நேரம் பார்த்து யாராவது போனில் விளம்பரம் காட்டுகிறார்: ஸ்டெம் செல் ஊசி, இதயம் புதிதாகும்! காணியை விற்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

மருத்துவரை மதிக்கச் சொல்கிறது சீராக்கின் ஞானம். வேலூர் சிஎம்சியில் 2005 முதல் ஸ்டெம் செல் ஆய்வு மையமே இருக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் ஸ்டெம் செல் மாற்று நிலைபெற்ற சிகிச்சை. இதயத்துக்கு இன்னும் ஆய்வுதான். 2020-ல் ஜப்பானின் ஒசாகாவில், வளர்த்தெடுத்த இதயத் தசைத் தாளை நோயாளியின் இதயத்தில் ஒட்டியதும் ஆய்வாகத்தான். இத்துறையில் கொடிகட்டிப் பறந்த பியரோ அன்வெர்சாவின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி ஹார்வர்டே 2018-ல் கேட்டது. படித்தவர்களே ஏமாந்த இடம் இது.

ஸ்டெம் செல்லைக் கருவை அழித்து எடுப்பதைத் திருச்சபை ஏற்காது. வளர்ந்தவரின் மஜ்ஜையிலிருந்து எடுக்கத் தடையில்லை. 2008-ன் வத்திக்கான் ஆவணமான 'டிக்னிதாஸ் பெர்சோனே' அதைத் தெளிவாக்கிவிட்டது. என் கவலையோ உங்கள் காணியின் பட்டாவைப் பற்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதயத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை செய்யக் கூடாது. ஆய்வென்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாற்குவின் அதே அதிகாரத்தில் யாயீரின் மகள் சாகக் கிடக்கிறாள், அவளிடம் போகும் வழியில் கூட்டம் நெருக்குகிறது. அந்தப் பெண் தொட்டதும், இயேசு அப்போதும் நின்றார். 'இத்தனை பேரிடம் ஏன் ஏமாந்தாய்' என்று அவளிடம் கேட்கவில்லை. அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். ஆகவே வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். கையெழுத்துப் போடுமுன் அந்த ஊசிக்கான காகிதத்தை உங்கள் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். பூசை முடிந்து என்னிடமும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படிப்போம்.