பொறிமுறைக் கடிகாரமும் பயன்மதிப்பும்

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் யப்பானின் செய்கோ நிறுவனம் அஸ்ட்ரோன் என்னும் குவாற்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன் பிழை மாதத்துக்கு ஐந்து செக்கன் அளவே. பொறிமுறைக் கடிகாரமோ ஒரே நாளில் அவ்வளவு பிழைக்கக்கூடும். பயனொன்றே மதிப்பின் அளவுகோலாயின், சுருள்வில்லும் பற்சக்கரமும் வழக்கொழிந்திருத்தல் வேண்டும். ஆயினும் சுவிற்சர்லாந்தில் அவை இன்றும் செய்யப்படுகின்றன. இதற்குக் காரணம் யாது?

சாவியோ கையின் அசைவோ இன்றேல் பொறிமுறைக் கடிகாரம் நின்றுவிடும். பழுதுற்றால் திறந்து திருத்தலாம். தன் பராமரிப்பை வேண்டிநிற்கும் பொருளோடு மனிதன் உறவுகொள்கின்றான். அவ்வுறவே அதன் மதிப்பு. ஆனால், பிறர் காண்பதற்கென்றே அணியப்படும் விலையுயர்ந்த கடிகாரத்தில் போற்றப்படுவது விலை மாத்திரமே. பேணுதற்குரியதைக் காட்சிப்பொருளாக்குபவனுக்கு அவ்வுடைமை அந்நியமாகிவிடுகின்றது.