காக்கப்பட்ட நிலத்தில் முதல் உரிமை யாருக்கு?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! பெருநாள் விடுமுறையில் குடும்பத்துடன் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகிறோம். அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு மகிழ்வது ஆகுமானது. அதைப் பார்த்துச் சிந்திப்பது இபாதத். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட காடு. அங்கே முதல் உரிமை யாருக்கு? கட்டணம் கொடுத்துப் பார்க்க வரும் நமக்கா? அந்தக் காயலை நம்பிப் பிழைக்கும் ஏழை மீனவருக்கா?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. பொது நன்மைக்காக ஒதுக்கிக் காக்கப்படும் நிலத்துக்கு 'ஹிமா' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்ற இடத்தை அப்படி ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் ஒரு ஹிமாவுக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக்கியபோது செய்த உபதேசம் புகாரியில் பதிவாகியுள்ளது. கொஞ்சம் ஒட்டகம், கொஞ்சம் ஆடு வைத்திருப்பவரை உள்ளே விடச் சொன்னார்கள். செல்வந்தர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளுக்கு முன்னுரிமை தர வேண்டாம் என்றார்கள். செல்வந்தரின் கால்நடை அழிந்தாலும் அவருக்குப் பேரீச்சந் தோப்பும் வயலும் இருக்கின்றன. ஏழைக்கு வேறு போக்கிடம் இல்லை. அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவை அஞ்சும்படியும் எச்சரித்தார்கள்.

கவனியுங்கள்! உமர் (ரலி) அவர்கள் பாதுகாப்பை நீக்கவில்லை. அதற்குள் யாருக்கு முன்னுரிமை என்பதை நீதியாக வகுத்தார்கள்.

முத்துப்பேட்டையின் வரலாறும் நமக்குப் பாடம். முற்காலத்தில் அரசு நிர்வாகமே முறைவைத்து அங்கே மரங்களை மொத்தமாக வெட்டியது. வெட்டிய பள்ளங்களில் நீர் தேங்கி, வற்றி, உப்பேறி, நிலம் தரிசானது. ஆனால் மீன்பிடிக்க மக்கள் வெட்டிய வாய்க்கால்களில் கடல்நீர் ஏறி இறங்கியது. அவற்றின் கரையில் அலையாத்தி செழித்தது. பின்னாளில் காட்டை மீட்கவும் வாய்க்கால் வெட்டும் முறையே கைகொடுத்தது. ஏழையின் பிழைப்பு எப்போதும் காட்டுக்குப் பகையல்ல. அதற்காக, பச்சை மரத்தை வெட்டுவதோ மீன்குஞ்சுகளை அள்ளுவதோ யாருக்கும் ஆகாது. அமானிதம் எல்லோருக்கும் பொது.

நமக்கான கடமை என்ன? நீர்நிலையையும் பாதையையும் நிழலையும் அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். காயலோ நீரும் பாதையும் நிழலும் ஒன்றாக உள்ள இடம். உணவுப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் திரும்ப எடுத்து வாருங்கள். கூச்சலிட்டுப் பறவைகளைக் கலைக்காதீர்கள். வலை விரித்த இடத்தில் படகை விடச் சொல்லாதீர்கள். நமக்கு அது ஒரு நாள் உல்லாசம். அவருக்கு அது அன்றைய உணவு.

யா அல்லாஹ்! உன் படைப்பை ரசிக்கும் கண்ணையும், அதில் பிறர் உரிமையை மதிக்கும் உள்ளத்தையும் எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.