கடல்கோளும் கடற்சுவரும்: பொறுப்பு குறித்த ஓர் அறநோக்கு

முன்னுரை

புகார் நகரம் கடல்கோளால் அழிந்த செய்தியை மணிமேகலை கூறுகிறது. மகனை இழந்த துயரில் நெடுமுடிக்கிள்ளி இந்திரவிழாவை மறந்தமையே அதற்குக் காரணம் என்பது அக்காப்பியம் தரும் விளக்கம். தவறியவன் அரசன், அழிந்தது நகரம். பிழை ஓரிடத்தும் துன்பம் வேறிடத்தும் அமைந்தபோதும், பிழைக்கு உரியவனைக் காப்பியம் பெயர் சுட்டிக் கூறுகிறது. இன்றைய கடற்கரை நகரங்களின் அழிவுக்குப் பொறுப்பாளர் யாவர் என்னும் வினாவைப் புதுச்சேரியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கடலும் கட்டடமும்

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துள்ளதாகக் காலநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் அறிவித்தது. கடல் உயர உயரப் புயலலை மேலும் உள்ளே புகும். உப்பு கான்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். பருத்த துரு கான்கிரீட்டைப் பிளக்கும். புவியைச் சூடாக்கும் கரியமில வாயுவே கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்துக் கம்பிக்குரிய காப்பையும் நீக்குகிறது.

புதுச்சேரிக் கரை

இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் துறைமுகத்திற்கெனக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் அதனை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் நிலத்தைக் காக்கும், மணலைத் தராது. ஆதலின் அரிப்பு மேலும் வடக்கே மீனவர் குப்பங்களை நோக்கி நகர்ந்தது.

இவ்வரிப்பின் முதற்காரணம் காலநிலை மாற்றம் அன்று; கட்டுமானமே. ஆயினும் உயரும் கடலை எதிர்கொள்ளும் ஆற்றல் மணலிழந்த கரைக்குக் குறைவு. எனவே ‘காலநிலை மாற்றம்’ என்னும் பொதுப்பெயர், குறிப்பிட்ட முடிவுகளை எடுத்தோரின் பொறுப்பை மறைக்கும் திரையாகவும் ஆகக்கூடும்.

காத்தலும் தள்ளுதலும்

மக்கள் செறிந்த நகரை முதலில் காத்தல் முறையே என வாதிடலாம். அது ஏற்கத்தக்கதே. ஆனால் காத்தல் வேறு. கேட்டை அயலார்பால் தள்ளுதல் வேறு. அயலாரின் இழப்பைக் கணக்கிற்கொள்ளாத சுவர் அரண் எனப்படாது. 2018இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் நீருள் அமைத்த செயற்கைத் திட்டால் நகரக் கரையில் மணல் மீண்டது. இப்பயனையும் நகரெல்லைக்குள் மட்டும் அளந்தால் பழைய பிழையே தொடரும்.

முடிவுரை

காப்பிய அரசனின் மறதிக்குப் பெயர் உண்டு. இன்றைய முடிவுகள் பலர் கைமாறி உருவாவதால் ஒருவரும் பொறுப்பேற்பதில்லை. கடற்சுவர் எழுமுன் அதனால் இழப்போர் யாவர், ஈடுசெய்வோர் யாவர் என்பன எழுதப்படுதல் வேண்டும். அவ்விரண்டும் எழுதப்படாதவரை, அச்சுவர் கடலைத் தடுப்பினும் அறத்தின்முன் நில்லாது.