பழைய விளையாட்டுப் பெட்டியும் பழைய நினைவும்

மனிதன் காசு கொடுத்து வாங்கும் பொருள்களில் சில வயிற்றுக்கானவை, சில உடலுக்கானவை, சில மனத்துக்கானவை. வயிறு நிறைந்தால் போதும் என்று தானே சொல்லிவிடும். மனம் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே மனத்துக்காக ஒன்றை வாங்கும்போது ஒரு முஃமின் சற்று நின்று சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறான்.

நம் தஞ்சைச் சீமையில் இன்று நாற்பது, ஐம்பது வயதை எட்டியிருக்கும் சகோதரர்கள் சிலருக்கு ஓர் ஆசை எழுகிறது. சிறுவயதில் டிவியில் மாட்டி விளையாடிய அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியை மறுபடி வாங்கி வீட்டில் வைக்க வேண்டும் என்பதே அது. இது கூடுமா, கூடாதா? கேள்வி சிறியதுதான். ஆனால் உள்ளே புகுந்து பார்த்தால் பொருள், பொழுது, பிறர் உரிமை, பெற்றோர் நினைவு ஆகிய நான்கும் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம்.

1983 ஜூலை 15ஆம் தேதி ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப் பார்த்துச் செய்யப்பட்ட தைவான் நாட்டு மைக்ரோ ஜீனியஸ் போன்ற பெட்டிகள் மலேசியாவிலும் அரபு நாடுகளிலும் பரவின. கூத்தாநல்லூர், ராஜகிரி, பண்டாரவாடை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று நம் ஊர்களிலிருந்து சபர் போனவர்கள் ஏராளம். இரண்டு, மூன்று வருடங்களுக்கு ஒருமுறை அவர்கள் ஊர் திரும்பும்போது சோப்பு, சென்ட், கோடாலித் தைலம் இவற்றோடு சில வீடுகளுக்கு இந்தப் பெட்டியும் வந்து சேர்ந்தது. அத்தா என்றோ வாப்பா என்றோ அழைக்கக் கிடைத்த அந்தச் சில மாதங்களின் அடையாளமாக அது பிள்ளைகளின் மனத்தில் தங்கிவிட்டது.

இந்த ஏக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 2016 நவம்பரில் அதே நிறுவனம் பழைய பெட்டியைக் கையடக்கமாகச் செய்து, 30 விளையாட்டுகளை உள்ளே வைத்து வெளியிட்டபோது, உலகெங்கும் நடுத்தர வயதினர் கடைகளை மொய்த்தார்கள்.

விளையாட்டு கூடுமா?

மார்க்கம் விளையாட்டையே வெறுக்கிறது என்று எண்ணுவது தவறு. பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நடத்தியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அலுத்துப்போகும் வரை பார்க்கட்டும் என்று தம் மேலாடையால் மறைத்து நின்றார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி.

வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களைப் பற்றி இமாம்கள் சதுரங்கத்தை வைத்துப் பேசியிருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் அது மக்ரூஹ். உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபி மத்ஹபில் அதைவிடக் கடுமையாகவே கருதப்படுகிறது. ஆனால் பந்தயம் சேர்ந்தாலோ, ஆட்டத்தில் மூழ்கித் தொழுகை தவறினாலோ அது ஹராம் என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே ஆடுகிற ஆட்டத்தைப் போலவே, அது எதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

யார் யாருக்கு உரிமை?

முதலாவது, பணத்தில் உள்ள உரிமை. சம்பா அறுவடை முடிந்து நெல் காசாகும் தை, மாசியில்தான் நம் பகுதியில் ஆசைகள் அதிகம் விழித்துக்கொள்ளும். ஆற்றுப் பாய்ச்சலில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று என்று நபிமொழி கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு தீர்ந்ததா? நடவுக்கு வாங்கிய கடன் அடைந்ததா? மனைவியிடம் சொல்லாமல் மறைத்து வாங்க வேண்டிய நிலையில் அந்தப் பொருள் இருக்கிறதா? இவற்றுக்கு நேர்மையான பதில் கிடைத்த பிறகு மிச்சமிருக்கும் பணத்தில் அளவோடு வாங்குவதை வீண் விரயம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. வீண் விரயம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயம் எச்சரிப்பதை மறந்துவிடவும் முடியாது.

இரண்டாவது, செய்தவனின் உரிமை. இதைப் பலர் நினைப்பதே இல்லை. இன்று சில நூறு ரூபாய்க்கு, 400 விளையாட்டுகள் அடக்கம் என்று விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்த விளையாட்டுகள் உரியவர்களின் அனுமதி இன்றி ஏற்றப்பட்டவை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் நிரல்களும் 1984 திருத்தத்தால் சேர்க்கப்பட்டுவிட்டன. மார்க்கத்தின் தரப்பிலும் சந்தேகம் இல்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உரியவை, அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானம் செய்திருக்கிறது.

"கையில் பிடிபடாத ஒன்றுக்கு என்ன உரிமை?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்தவன் முறையில் இரவோடு இரவாக மடையைத் திறந்து தன் வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொள்வது களவு என்பது அவனுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் காவிரித் தண்ணீருக்கே முறையும் உரிமையும் உண்டென்றால், ஒருவன் பல மாதம் உழைத்து ஆக்கிய விளையாட்டுக்கு இல்லையா?

அன்று அத்தா வாங்கி வந்த பெட்டியோடு சேர்ந்த கேசட்டுகளும் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. ஆனால் அவருக்கு அது தெரியாது. பிள்ளைகள் மகிழட்டும் என்ற எண்ணமே அவரிடம் இருந்தது. அறியாமல் செய்த அவருடைய நிலையும், அறிந்தே வாங்கும் நம்முடைய நிலையும் ஒன்றாகமாட்டா. அசல் கேசட்டுகளைப் பழைய பொருளாக ஒருவரிடமிருந்து வாங்குவதிலோ, உரியவர்களே மீண்டும் வெளியிட்டவற்றை வாங்குவதிலோ இந்தக் குறை இல்லை. விலை சற்றுக் கூடும்; மனம் நிம்மதியாக இருக்கும்.

மூன்றாவது, பொழுதின் உரிமை. ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரண்டு அருட்கொடைகளில்தான் மனிதர்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். அந்தச் சிறுவன் விளையாடியபோது அவன்மீது எந்தக் கடமையும் எழுதப்படவில்லை; பருவமடையும் வரை குழந்தையின்மீது எழுதுகோல் ஓடுவதில்லை. அவனே இன்று குடும்பத் தலைவன். வக்து தோறும் பாங்கு அவனை அழைக்கிறது. பிள்ளைகள் அவன் முகத்தை எதிர்பார்க்கிறார்கள். சிறுவயதுப் பெட்டியை விலைக்கு வாங்கிவிடலாம். சிறுவயதில் இருந்த அந்தச் சலுகையை வாங்க முடியாது.

நினைவை என்ன செய்வது?

இவ்வளவும் சரிபார்த்த பிறகும் அடியில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்தச் சகோதரர் உண்மையில் எதை வாங்க நினைக்கிறார்? திரையில் குதித்தோடும் பொம்மையையா? தன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, ஆடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்த அத்தாவையா? பின்னதுதான் என்றால், அது எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதை அன்போடு அவரிடம் சொல்ல வேண்டும்.

கடந்த காலத்தை நினைத்து ஏங்குவதை இஸ்லாம் குற்றமாக்கவில்லை. அந்த ஏக்கத்துக்கு அது ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் நபி (ஸல்) அவர்கள் அவர்களை அடிக்கடி நினைவு கூர்வார்கள். ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழியரைத் தேடி இறைச்சியை அனுப்பிவைப்பார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைக் கண்டு, தாம் ஏறிவந்த கழுதையையும் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். "இவர்களுக்கு இவ்வளவு எதற்கு?" என்று உடன் வந்தவர்கள் வியந்தபோது, அந்த மனிதரின் தந்தை தம் தந்தை உமருக்கு நண்பர் என்றும், தந்தையின் நண்பர்களோடு உறவைப் பேணுவதே நன்மைகளில் சிறந்தது என்று நபியிடம் கேட்டதாகவும் சொன்னார்கள். இது முஸ்லிமில் இடம்பெற்ற செய்தி.

இரு நிகழ்ச்சிகளிலும் பழைய அன்பு, உயிரோடு இருக்கும் மனிதர்களை நோக்கி ஓடியிருப்பதைக் கவனியுங்கள். பழைய பொருளை வாங்க நினைப்பவர் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டிய உரைகல் இதுவே. இந்தப் பெட்டி என்னைப் பிள்ளைகளின் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்குமா, அல்லது இஷாவுக்குப் பின் கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார வைக்குமா? முன்னதாயின், மேலே சொன்ன உரிமைகளைப் பேணி வாங்கிக்கொள்ளட்டும். அஸருக்குப் பின் பிள்ளைகளோடு ஆடட்டும்; மக்ரிப் பாங்கு கேட்டதும் அணைத்துவிட்டு அவர்களையும் கையோடு பள்ளிக்கு அழைத்துச் செல்லட்டும். அவர்களுடைய மனத்திலும் அத்தாவின் நினைவு ஒன்று அப்படித்தான் சேரும். பின்னதாயின், வாங்காமல் இருப்பதே அவருக்கு நல்லது.

எதை முடிவு செய்தாலும் அதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. அத்தாவோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் சமைத்து உண்டவர் ஒருவர் இன்றும் ஊரில் இருப்பார். முதுமையில் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருப்பார். அவரிடம் போய் ஸலாம் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, அத்தா அங்கே எப்படி இருந்தார் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்காக அந்தப் பெட்டியை வாங்க அவர் எத்தனை நாள் எதை விட்டுக்கொடுத்தார் என்பது ஒருவேளை அவருக்குத் தெரிந்திருக்கும்.

வல்ல நாயன் நம் பொருளிலும் பொழுதிலும் பரக்கத் செய்து, நம்மை விட்டுச் சென்ற பெற்றோர்களின் கப்றுகளை ஒளியாக்கி வைப்பானாக! ஆமீன்.