வேண்டாம் என்பதன் விலை

ஒருத்தி சம்மதித்துச் செய்ததை மற்றவர்கள் சுரண்டல் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால் வளர்ந்த பெண்ணைச் சிறுபிள்ளையாக்குகிறோம். கூடாது என்றால் அவளுடைய சம்மதத்தையே சுரண்டுபவர் கையில் ரசீதாகக் கொடுத்துவிடுகிறோம். ஒன்டேஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழக்கைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நிக்கோல் டேடோனும் இன்னொருவரும் சேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய நிறுவனம் அது. பெண் படுத்திருக்க, துணையாக அமர்பவர் 15 நிமிடம் அவளது கிளிட்டோரிஸை வருடுவார். அதைத் தியானம் என்று கற்றுக்கொடுத்தார்கள். ஓராண்டு வகுப்புகளுக்கு 60,000 டாலர் வரை வாங்கினார்கள். 2018இல் ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் இதழ் உள்ளே நடப்பதை எழுதியதும் சரிவு தொடங்கியது. 2025 ஜூனில் டேடோனும் விற்பனைத் தலைவராக இருந்த ரேச்சல் செர்விட்ஸும் புரூக்ளின் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

இதைக் கேட்டதும் ஆபாசம் என்று முகம் சுளிப்பது எளிது. ஆனால் அங்கே போன பெண்களை என்னால் கேலி செய்ய முடியவில்லை. ஆய்க்குடியிலிருந்து தென்காசிக்குப் போகும்போது ‘ஆண்மைக்குறைவா?’ என்று கேட்கும் சுவர் விளம்பரங்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே சட்டம் வந்துவிட்டது, விளம்பரங்கள் போகவில்லை. அவற்றில் ஒன்றுகூட உனக்கு இன்பம் கிடைக்கிறதா என்று ஒரு பெண்ணைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட இடத்துக்குப் பெண்கள் போனதில் வியப்பென்ன? அவர்களுடைய தேடல் உண்மையானது. அதுதான் நிறுவனத்தின் முதலீடாகவும் ஆனது.

புரூக்ளின் தீர்ப்பு ஆபாசத்துக்காக வந்ததல்ல. கட்டாய உழைப்புக்கான சதி என்பதே குற்றச்சாட்டு. கூலி இல்லாமலோ சொற்பக் கூலிக்கோ வேலை வாங்கினார்கள், கடனில் தள்ளினார்கள், வாடிக்கையாளர்களோடும் முதலீட்டாளர்களோடும் உறவுகொள்ள நெருக்கினார்கள் என்றது அரசுத் தரப்பு. எல்லோரும் சம்மதித்து வந்தவர்கள், விரும்பினால் போயிருக்கலாம் என்றது எதிர்த்தரப்பு.

இந்த வாதம் எங்கள் பக்கத்துப் பீடித்தொழிலாளிக்குப் புதிதல்ல. அவளையும் யாரும் கட்டிவைக்கவில்லை. கொடுத்த இலை போதாமல் சொந்தக் காசில் இலை வாங்கிச் சுற்றிக் கொடுப்பவள் அவள். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாமே என்றால், விட்ட மறுவாரம் அடுப்பெரிவது எப்படி என்பாள். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: பசியும் வறுமையும்கூட வற்புறுத்தல்தான், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கும் வேலை கட்டாய உழைப்பு.

ஆகவே அவள் மனதைக் குடைந்து, உண்மையில் சம்மதித்தாயா என்று விசாரிக்க வேண்டியதில்லை. அவளுடைய ‘சரி’யை அப்படியே நம்புவோம். அவள் ‘வேண்டாம்’ என்றிருந்தால் எதை இழந்திருப்பாள் என்று கேட்போம். வீட்டையா, கூலியையா, தோழிகளையா, தன்னைப் பற்றிய நம்பிக்கையையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவளல்ல, அவளை வேலை வாங்கியவர்.

அந்த வேலைக்கு அமர்த்தியவரும் பெண்தான், பேசியதும் பெண் விடுதலைதான். அதனால் கணக்கு மாறிவிடாது. நாளை குற்றாலத்து விடுதி ஒன்றில் பெண்ணின்பத்துக்கென்று முகாம் நடந்தால் அதை மூடச் சொல்லி நான் நிற்க மாட்டேன். அங்கே பாய் விரித்துக் கூட்டிப் பெருக்கும் பெண்ணுக்கு என்ன சம்பளம், எப்போது தருகிறார்கள் என்று முதலில் கேட்பேன்.